குறவன் குறத்தி ஆட்டம்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

வைகைக்கரை: திருவிழா ராத்திரிகளில் ஆடுகிற இந்த ஆட்டத்துக்கு 2023-இல் வந்த தடை சரியா தவறா என்ற பேச்சுக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக உறுத்துகிறது. எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கல், ராத்திரி 12 மணிக்கு மேல் குறவனும் குறத்தியும் இறங்கியாயிற்று, ஆபாச வசனமெல்லாம் உங்களுக்கே தெரியும், எழுத வேண்டாம். பக்கத்தில் என் வகுப்புப் பையன், கூடை முடைகிற குறவர் குடும்பம். குறவன் வேஷக்காரர் தன் பெண்டாட்டிக்கு விலை பேசுகிற இடம் வந்ததும் ஒரே விசில், முன்னால் இருந்த நாலைந்து பேர் திரும்பி இவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். அதுதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

கோவில்பட்டி மாமா: நரிக்குறவர்கள் பாவம்தான் தம்பி, அதற்காகக் கலையையே தடை செய்தால் எப்படி? நான் குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை போடுகிறவன். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு குறவன் வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்கினேன். ஒரு பாட்டி தட்டில் காசு போட்டுவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டது, எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. இதில் என்ன அவமானம் இருக்கிறது? முருகன் கைப்பிடித்ததே குறவர் மகளைத்தான். குற்றாலக் குறவஞ்சியில் நாயகிக்குக் குறி சொல்கிறவளும் குறத்திதான்.

பஞ்சவர்ணம்: மாமா, முதலில் குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. நரிக்குறவர்கள் வீட்டில் வாக்ரிபோலி என்ற தனி மொழி பேசுகிறவர்கள், 2023-இல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். குறவர்கள் வெள்ளைக்காரன் காலத்தில், பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப்பரம்பரைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள். குறவஞ்சி எழுதிய கவிராயர் குறவர் இல்லை, நான் பார்த்த ஆட்டக் குழுக்களில், அதாவது செட்டுகளில், ஆடினவர்களும் குறவர் இல்லை. என் சித்தி குறத்தி வேஷம் போட்டவர். ஒரு திருவிழாவில் ஊர்ப் பெரிய மனிதர் 50 ரூபாய் நோட்டை ஊக்கில் குத்தி சித்தியின் ரவிக்கையில் மாட்ட வந்தார், குடித்திருந்தார், ஊக்கு தோளில் ஏறிவிட்டது. மேளம் நிற்கவில்லை. சித்தி அடுத்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே ஊக்கைப் பிடுங்கி நோட்டை இடுப்பில் செருகினார். 2023-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை உத்தரவு போட்டு அரசாணையும் வந்தது, சரி. அப்புறம் எங்கள் பக்கத்து ஊர் நோட்டீஸில் "ராஜா ராணி ஆட்டம்" என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் அதே வசனம், அதே ஊக்கு. சாதிப் பெயர் மட்டும் போயிருக்கிறது.

பந்தல்காரன்: நான் ஒரே தடவைதான் பார்த்தேன், அதுவும் மழை வந்து பாதியில் நின்றுவிட்டது. ஆனால் விழாக் கமிட்டியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே இன்ன வசனம் கூடாது என்று செட்டு வாத்தியாரிடம் எழுதி வாங்குங்கள். காவல் நிலையத்தில் மனுவைக் கடைசி நேரத்தில் கொடுக்காதீர்கள். ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அனுமதி தருவார்கள், அந்தத் தாளை மைக்கில் படித்துவிட்டு ஆட்டத்தை ஆரம்பியுங்கள். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கயிறு கட்டுங்கள், நோட்டுக் குத்த ஒருவரும் மேலே ஏறக்கூடாது. பெண்கள் உடை மாற்ற ஒரு வீட்டைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள், லாரிக்குப் பின்னால் மாற்றச் சொல்லாதீர்கள். முக்கியமாக, பேசின தொகையை ஆட்டத்துக்கு முன்பே முழுதாகக் கொடுத்துவிடுங்கள். பாதியைப் பிடித்து வைத்தால் மீதியைக் கூட்டத்திடம்தான் தேற்ற வேண்டும், நோட்டு வர வர வசனமும் தடித்துக்கொண்டே போகும்.

பஞ்சவர்ணம்: கயிறு கட்டலாம் அண்ணா. சித்திக்கு ஊக்குக் குத்தினவரே அந்த வருஷத்துக் கமிட்டித் தலைவர்தான்.

கோவில்பட்டி மாமா: செட்டு ஆட்டம் வேறு, என் நேர்த்தி வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். இந்த தசராவுக்கும் கட்டத்தான் போகிறேன். அந்தச் சமூகத்துக்காரர் யாராவது வந்து வேண்டாம் என்று சொல்லட்டும், அப்போது யோசிக்கலாம்.

வைகைக்கரை: வழக்குப் போட்டதே அவர்கள்தானே மாமா.