சிவனொளிபாதமலையும் கண்டியும்: பௌர்ணமி இரவில் தனியாக ஏறலாமா?

பாலாற்றங்கரை:
வேலூரிலிருந்து எழுதுகிறேன். பிப்ரவரியில் இலங்கை போகிறேன். முதல் பயணம், துணைக்கு யாரும் இல்லை, நான் பெண். காலையில் கண்டி ஏரி, புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை. பிறகு ரயிலில் ஹட்டன், அங்கிருந்து மலையடிவார ஊரான நல்லதண்ணி, இறங்கிய கையோடு சிவனொளிபாதமலை ஏற்றம், உச்சியில் சூரிய உதயம். மறுநாளே கண்டிக்குத் திரும்பி மாலைப் பூசை. நிலா வெளிச்சத்தில் ஏறினால் பயம் குறையும் என்று பௌர்ணமி நாளைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது ரயிலில் முன்பதிவு இடம் இல்லை. நல்லதண்ணியில் விசாரித்த விடுதிகளும் நிரம்பிவிட்டன. போதாததற்கு, ராத்திரியில் தனியாகவா என்று அம்மா பிடிவாதமாகக் கேட்கிறார். திட்டத்தில் எதை மாற்றுவது?

கொட்டகலை அக்கா:
தங்கச்சி, இடம் கிடைக்காததற்குக் காரணமே அந்த நிலாதான். இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, அரசு விடுமுறை. குடும்பம் குடும்பமாக வண்டி பிடித்து மலைக்கு வருவார்கள். உச்சி நெருங்க நெருங்கப் படிகள் குறுகும். அங்கே கூட்டம் ஒரு படி ஏறி நிற்கும், இன்னொரு படி ஏறி நிற்கும். நன்றாக விடிந்த பிறகும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நடுவழியில் நிற்பவர்களை ஒவ்வொரு போயாவிலும் பார்க்கலாம். வார இறுதியும் ஏறக்குறைய அப்படித்தான்.

வெளிச்சத்துக்கு நிலா தேவையில்லை. டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை சீசன். நல்லதண்ணிப் பாதை நெடுக மின்விளக்குகள் எரியும், தேநீர்க் கடைகள் இரவெல்லாம் திறந்திருக்கும். செவ்வாய், புதன் என்று ஒரு வார நாளுக்கு மாற்றுங்கள். படுக்க இடமும் கிடைக்கும், படியேற இடமும் கிடைக்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: சீசனில் அந்தப் பாதையில் தனியாக நடக்க ஆசைப்பட்டாலும் முடியாது. கைக்குழந்தையைத் தோளில் போட்ட அப்பா, பேரனின் கையைப் பிடித்த பாட்டி, தோட்டத்திலிருந்து கூட்டமாக வரும் பெண்கள் என்று யாராவது முன்னும் பின்னும் இருப்பார்கள். மஸ்கெலியாப் பக்கம் தமிழில் பேசினாலே போதும். சீசன் முடிந்த பிறகு என்றால் நானே வேண்டாம் என்பேன். விளக்கு இருக்காது, கடை இருக்காது, மழையும் காற்றும்தான்.

முழங்கால் மூர்த்தி:
அக்கா சொன்னது சரி, ஆனால் எல்லாரும் உதயம் உதயம் என்று ஓடுவது எனக்குப் புரிவதில்லை. பகலில் ஏறினால் தேயிலை மலைகளையாவது பார்க்கலாம். இருட்டில் தெரிவது முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும்தான்.

கொட்டகலை அக்கா:
ஐயா, பகலில் ஏறினால் மலையின் நிழலைப் பார்க்க முடியாதே! சூரியன் எழுந்ததும் எல்லாரும் கிழக்கே கைபேசியை நீட்டுவார்கள். தங்கச்சி, நீங்கள் அப்போது மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். வானம் தெளிவாக இருந்தால் மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாகக் கீழே பனிமூட்டத்தின் மேல் விழுந்து கிடக்கும். வெயில் ஏற ஏற அது மலையை நோக்கிச் சுருங்கிவிடும்.

பாலாற்றங்கரை:
நன்றி அக்கா, வார நாளுக்கு மாற்றிவிடுகிறேன். இரவு 10 மணிக்கே கிளம்பி நிதானமாக ஏறினால் நல்லதுதானே?

முழங்கால் மூர்த்தி:
கூடவே கூடாது அம்மா. 5,000க்கும் மேல் படிகள் என்றாலும் சாதாரண நடைக்கு மூன்று, நான்கு மணி நேரம்தான். சீக்கிரம் போனால் 2,243 மீட்டர் உயரத்தில், வியர்வையில் நனைந்த சட்டையோடு, காற்றடிக்கும் இடத்தில் விடியும்வரை உட்கார வேண்டும். மூட்டையை விடுதியில் வைத்துவிட்டு, மாலையே படுத்துத் தூங்கி, 2 மணிவாக்கில் கிளம்புங்கள். பையில் உலர்ந்த மேலாடை ஒன்று, காது மூடும் துணி ஒன்று. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கிச் சட்டையை மாற்றிக்கொண்டு மேலே போனால் நடுக்கம் இருக்காது.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முழங்கால் வேலையைக் காட்டும். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். அன்று மாலையே கண்டியில் பூசை என்ற எண்ணத்தை விடுங்கள். தலதா மாளிகையிலும் படிகள் உண்டு!

நாவலப்பிட்டியான்:
அதனால் வரிசையை இப்படி வையுங்கள்: மலை முதலில், ஓர் இரவு ஓய்வு, பிறகு கண்டி. ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். கண்டியிலிருந்து ஹட்டனுக்கு பஸ் உண்டு. சீசனில் நல்லதண்ணிக்கே நேரடி பஸ்ஸும் ஓடும். ஹட்டனில் மாறுவதானால் பணத்தை அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலூர் என்று பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. நீங்கள் பார்க்கப்போகும் கண்டி ஏரியை 1807-இல் வெட்டுவித்தவர் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815-இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, பிறகு உங்கள் ஊர்க் கோட்டையில்தான் சிறைவைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தார்.

பாலாற்றங்கரை:
முத்து மண்டபம் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்! அவர் கல்லறை அது என்று தெரியும், ஏரி தெரியாது. கடைசியாக ஒன்று: தலதா மாளிகைக்கு வெள்ளை உடை கட்டாயமா? மாலைப் பூசைக்கு எப்போது போகலாம்?

கொட்டகலை அக்கா:
வெள்ளை கட்டாயமில்லை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும், சுடிதார் நல்லது. செருப்பை வெளியே விட வேண்டும். மாலைப் பூசை 6.30 வாக்கில், அரை மணி முன்னதாகப் போய் வரிசையில் நில்லுங்கள்.