பிரெஞ்சு ‘ஓ’வில் ஹெச் எப்படி வந்தது?

வணக்கம் நண்பர்களே. பிரெஞ்சும் லத்தீனும் படித்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

பிரெஞ்சில் ‘உயரமான’ என்பதற்கு ‘ஓ’ என்பார்கள். எழுதும்போது ஹெச், ஏ, யூ, டி. மூலம் லத்தீன் ‘ஆல்டுஸ்’. இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் அது ‘ஆல்தோ’ என்று ஹெச் இல்லாமலேதான் நிற்கிறது. லத்தீன் ‘ஆல்டெர்’ பிரெஞ்சில் ‘ஓத்ர்’ ஆனபோதும் முன்னால் ஹெச் முளைக்கவில்லை. இதற்கு மட்டும் ஏன்?

வடபிரான்ஸில் குடியேறிய பிராங்க் மக்கள் உயரத்துக்கு வைத்திருந்த ஜெர்மானியச் சொல் லத்தீன் சொல்லோடு கலந்துவிட்டது என்பதே பொதுவான விளக்கம். ஜெர்மன் ‘ஹோஹ்’, ஆங்கில ‘ஹை’ இரண்டும் அதன் உறவுதான். உடல் லத்தீன், முதல் மூச்சு மட்டும் ஜெர்மானியம்! எனக்கு மிகவும் பிடித்துப்போன விளக்கம் இது. அந்த ஒலி பேச்சில் எப்போதோ மறைந்துவிட்டது, ஆனால் தடம் போகவில்லை: ‘மனிதன்’ என்பதற்கான ‘ஓம்’, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘லு’ (ஆங்கில ‘தி’ போன்றது) என்ற சொல்லோடு ‘லோம்’ என்று சேர்ந்து ஒலிக்கும், இந்த ‘ஓ’வோ ‘லு ஓ’ என்று பிரிந்தே நிற்கும்.

சரி, சந்தேகம் இதுதான். முள்ளெலியைக் குறிக்கும் ‘எரிசோன்’ லத்தீன் ‘எரிசியுஸ்’ வழி வந்தது. ஊளையிடுதலைக் குறிக்கும் ‘யூர்லே’ ‘உலுலாரே’யிலிருந்து. இரண்டிலும் அதே பிரிந்து நிற்கும் ஹெச். இங்கேயும் ஜெர்மானியக் கலப்பா, இல்லை அழுத்திச் சொல்லிப் பழகியதால் வந்த மூச்சா? இதை விரிவாகப் பேசும் சொற்பிறப்பு அகராதி தெரிந்தால் பெயர் சொல்லுங்கள். பிரெஞ்சிலேயே இருந்தாலும் பரவாயில்லை.