சினிமாவில் மெட்ராஸ்: முக்கால் மணி நேரப் பேச்சுக்கு எதை எடுப்பது, எதை விடுவது?

பெரம்பூர் வாணி:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் மெட்ராஸ் வாரம் வருகிறதே, அதற்கு எங்கள் பேட்டை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள். "சினிமாவில் நம்ம ஊர்" என்று தலைப்பைப் போட்டு, நோட்டீசில் என் பெயரையும் அடித்துவிட்டு அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். நான் பேச்சாளர் எல்லாம் இல்லை, நிறைய படம் பார்ப்பேன், பார்த்த படத்தைப் பற்றி யாராவது கேட்டால் நிறுத்தாமல் பேசுவேன், அதுதான் வினை.

வருகிறவர்களில் பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள். ரயில்வே, ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), மில் என்று வேலை பார்த்தவர்கள். மீதி காலேஜ் பசங்கள், அவர்களோடு வரும் அம்மாக்கள். இந்த மாதிரிப் பேச்சுகளுக்கு நான் போயிருக்கிறேன். படத்தின் பெயர், வருஷம், எடுத்த இடம், அடுத்த ஸ்லைடு; மறுபடி படத்தின் பெயர், வருஷம், இடம். பத்தாவது நிமிஷத்தில் பின்வரிசை டீ குடிக்கப் போய்விடும். அப்படி ஆகக் கூடாது என்பதுதான் என் கவலை.

கேட்க வேண்டியது மூன்று. படங்களை எந்தக் கணக்கில் தேர்ந்தெடுப்பது? கிளிப் போட்டுக் காட்டினால் காப்பிரைட் தொல்லை வருமா? ஐம்பது, அறுபதுகளில் வந்த படங்களில் ஊரே கண்ணில் படவில்லையே, எல்லாம் ஸ்டூடியோ வீடும் அட்டைத் தோட்டமுமாக இருக்கிறது, அந்தக் காலத்தை அப்படியே விட்டுவிடலாமா?


எழும்பூர் பாசஞ்சர்:

வாணி மேடம், லிஸ்ட் போடாதீர்கள். ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் "ஊரிலிருந்து ஒருவன் மெட்ராஸ் வந்து இறங்குகிறான்" என்கிற காட்சி. அது இல்லாத பத்து வருஷம் தமிழ் சினிமாவில் கிடையாது. மஞ்சள் பை, தகரப் பெட்டி, சென்ட்ரல் மணிக்கூண்டு, அடுத்த ஷாட்டில் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம். 1959-இல் திறந்த அந்த உயரமான கட்டடம்தான் ரொம்ப காலத்துக்கு 'பட்டணம் வந்தாச்சு' என்பதற்கான அடையாளம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, அதைச் சொன்னால் உங்கள் ரயில்வே ரிட்டயர்டு ஆட்கள் எழுந்து உட்காருவார்கள். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவன் சென்ட்ரலில் ஏன் இறங்குகிறான்? அந்த லைன் எல்லாம் தொண்ணூறுகள் வரை மீட்டர் கேஜ் (குறுகிய தண்டவாளம்), வண்டி வந்து நிற்பது எழும்பூரில். கோயம்புத்தூர், சேலத்துக்காரன் சென்ட்ரலில் இறங்கினால் சரி, அது பிராட் கேஜ், அகலப் பாதை. ஆனால் சினிமாவில் கதாநாயகன் எந்த ஜில்லாக்காரனாக இருந்தாலும் சென்ட்ரல் வாசலில்தான் மேலே பார்த்துக்கொண்டு நிற்பான். எழும்பூரும் சிவப்புக் கட்டடம்தான், 1908-இல் திறந்தது, அழகுக்கு ஒரு குறையும் இல்லை. என் யூகம், சென்ட்ரலுக்கு எதிரே அகலமான ரோடு, கேமராவைத் தள்ளி வைத்து மொத்தக் கட்டடத்தையும் ஒரே பிரேமில் அடைக்கலாம், பக்கத்தில் ரிப்பன் மாளிகை வேறு இனாமாக வந்துவிடுகிறது.

பிற்பாடு ரயில் போய் பஸ் வருகிறது. முதலில் பாரிமுனை, 2002-க்கு அப்புறம் கோயம்பேடு. 2023 டிசம்பரில் ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்துவிட்டார்கள், இனிமேல் தென்மாவட்டத்து ஹீரோ ஊருக்குள் வருவதற்கே இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், அந்தக் காட்சியை யார் எப்படி எடுக்கப்போகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. கூடவே 1967-இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷ் மெட்ராஸைக் கிண்டலடித்துப் பாடுகிற பாட்டைப் போடுங்கள், கூட்டம் சேர்ந்து பாடும், உங்களுக்கு நாலு நிமிஷம் ஓய்வு.


புளியந்தோப்பு:

பாசஞ்சர் சார் சொன்னது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வந்து இறங்குகிறவன் பார்த்த மெட்ராஸ். இங்கேயே பிறந்து இங்கேயே கிடக்கிறவனுக்கு சென்ட்ரல் மணிக்கூண்டு என்ன அதிசயம்? அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறான். பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு மவுண்ட் ரோடு, மெரினா, பெசன்ட் நகர் பீச் என்று படம் காட்டினால் எங்கள் ஆட்கள் மரியாதைக்குக் கைதட்டிவிட்டுப் போவார்கள்.

பின்னி மில்லைப் பேசுங்கள். உங்கள் நூலகத்திலிருந்து நடந்து போகிற தூரம்தானே இருக்கும்? 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்ததே பின்னியின் அந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் துணி மில் தொழிலாளிகளை வைத்துத்தான், பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் சங்கத் தலைவர்களாக இருந்தார்கள். 1921-இல் பெரிய வேலைநிறுத்தம். 1996-இல் மில்லை மூடினார்கள். அதற்கப்புறம் அந்த இடம் ஷூட்டிங் ஸ்பாட் ஆனது. இடிந்த சுவர், துருப்பிடித்த தகரக் கூரை, மேலே இருந்து விழுகிற வெளிச்சம், எந்த சண்டைக் காட்சிக்கும் தயாராக இருந்தது. வில்லன் கடத்திக்கொண்டு போய்க் கட்டிப்போடுகிற இடம் என்று தமிழ்நாடு முழுக்க பார்த்தது எங்கள் அப்பா, சித்தப்பா எல்லாம் ஷிப்ட் பார்த்த இடத்தை. தியேட்டரில் அடுத்தவன் சண்டையைப் பார்ப்பான், எங்கள் வீட்டில் "அது ஸ்பின்னிங்டா, அந்தப் பக்கம் நெசவு" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி வந்துவிட்டது. மூடின ஃபேக்டரியை அத்தனை படத்தில் காட்டினார்களே, அது ஏன் மூடிக் கிடக்கிறது என்று அந்த சண்டைப் படங்களில் எதுவும் எனக்குத் தெரிந்து கேட்கவில்லை.

அப்புறம் வடசென்னை என்றாலே கத்தியைத் தூக்குகிற படங்கள், அதையும் ஒரு பிடி பிடியுங்கள். 2014-இல் ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வந்தபோது வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடு, ஃபுட்பால், கேரம், மாடிப்படியில் நடக்கிற காதல் என்று பார்த்ததே பெரிய விஷயமாக இருந்தது. அதிலும் கொலை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதை நிற்பது ஒரு சுவரில், அதில் யார் படம் வரைவது என்கிற சண்டையில். எங்கள் பக்கம் சுவர் என்றால் என்ன என்று தெரிந்தவர் எடுத்த படம்.


எழும்பூர் பாசஞ்சர்:

பின்னி மில் நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வந்து இறங்குகிறவன் மெட்ராஸ்" என்று ஒதுக்காதீர்கள் தம்பி. மில்லில் வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் செங்கல்பட்டு, வட ஆற்காடு பக்கமிருந்து வந்து இறங்கினவர்கள்? உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்.


புளியந்தோப்பு:

தாத்தா செய்யாறு பக்கம்தான் சார், அது வேற கதை. 😄 நடந்தும் கட்டை வண்டியிலும் வந்தவரை சென்ட்ரல் வாசலில் யாரும் படம் பிடிக்கவில்லை.


ரீல் பெட்டி:

ஸ்டூடியோ கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கோடம்பாக்கத்தில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன்.

அறுபதுகள் வரை ஊரைக் காணோம் என்பது பாதிதான் உண்மை. அன்றைய கேமரா கனம், லைட் வேண்டும், வேடிக்கை பார்க்கக் கூடுகிற கூட்டத்தைச் சமாளிக்க முடியாது, அதனால் தெருவையே ஸ்டூடியோ தளத்துக்குள் செட்டாகப் போட்டார்கள். ஆனால் கதாநாயகனும் நாயகியும் காரில் போகிற காட்சியைப் பாருங்கள். கார் தளத்தில் நிற்கும், நாலு பேர் ஆட்டுவார்கள், பின்னால் திரையில் ரோடு ஓடும். பேக் ப்ரொஜெக்ஷன் என்போம். ஹீரோ ஸ்டியரிங்கை வலதும் இடதுமாகத் திருப்பிக்கொண்டே இருப்பார், ரோடு மட்டும் நேராகப் போகும், அதைப் பார்த்து சிரிப்போம். சிரித்து முடித்துவிட்டு ஹீரோவை விட்டுவிட்டு அந்தப் பின்னணியைப் பாருங்கள். அது நிஜமாகவே வண்டியில் கேமராவை வைத்து எடுத்த தெரு. சைக்கிள் ரிக்‌ஷா, கடை போர்டு, அன்றைக்கு எதேச்சையாக நடந்துபோன ஆட்கள். காட்சியில் உண்மையானது அது ஒன்றுதான். யாரும் அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்து எடுக்கவில்லை, அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள், பெரியவர்கள் கடை பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொன்று, ஸ்டூடியோக்களும் ஊர்தானே. ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல் நிற்கிறது, பெயர் மட்டும் மேம்பாலத்துக்குப் போய்விட்டது. அரசாங்கம் அண்ணா மேம்பாலம் என்று எழுதி வைத்தாலும் பஸ்ஸில் யாரும் அப்படிச் சொல்லி டிக்கெட் வாங்குவதில்லை. வாஹினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் மாலும். மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) பார்த்தவர்கள் பம்பாய் தாராவி என்று நம்பினார்களே, அந்தத் தாராவியில் பெரும்பகுதி இங்கே வீனஸ் ஸ்டூடியோவில் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட். அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆக மெட்ராஸில் எடுத்த படம் என்று பேசினால் மெட்ராஸைக் காட்டாத படமும் அதில் உண்டு. கேட்பவர்களிடம் முதலில் அந்தக் காட்சியைப் போட்டு "இது எந்த ஊர்?" என்று கேளுங்கள்.

குடிசைப் பகுதியைக் காட்டிய பழைய படம் வேண்டுமென்றால் துரை எடுத்த 'பசி', 1979. குப்பை பொறுக்கும் பெண்ணாக ஷோபா. அவருக்கு அந்த வருஷத்துத் தேசிய விருது. இந்தத் தலைமுறை பார்த்திருக்காது, பார்க்க வேண்டும்.


தேதி பார்ப்பவள்:

கிளிப் விஷயம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இதற்காகச் சட்டத்தைப் படித்திருக்கிறேன். இந்தியக் காப்பிரைட் (பதிப்புரிமை) சட்டத்தின் 52-ஆவது பிரிவில் விமர்சனத்துக்காக நியாயமான அளவு பயன்படுத்த இடம் உண்டு. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போட்டு அதைப் பற்றிப் பேசுவது வேறு, முழுப் பாட்டையும் ஓடவிட்டு நீங்கள் ஓய்வெடுப்பது வேறு (பாசஞ்சர் சார் கவனிக்க). திரைப்படத்துக்கான உரிமை வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். எனவே அந்த 60 ஆண்டு முடிந்த பழைய படங்கள் அந்தக் கணக்கில் வெளியே வந்துவிட்டன. பாட்டு, கதை, வசனத்துக்கு எழுதியவர் காலத்தை வைத்துத் தனிக் கணக்கு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உண்மையான தலைவலி ஹாலில் வராது, பேச்சை வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றினால்தான் வரும். அங்கே மெஷின்தான் பிடிக்கிறது, அதற்கு நியாயமான அளவு எல்லாம் புரியாது. ஏற்றுவதாக இருந்தால் கிளிப் ஓடும் இடத்தை வெட்டிவிடுங்கள்.

ரீல் பெட்டி ஐயா சொன்ன பின்னணி பார்க்கிற பழக்கத்தை விளையாட்டாகவே வைக்கலாம். காலேஜ் பசங்களிடம் ஒரு பிரேமைக் காட்டி எந்தக் காலம் என்று கேளுங்கள். ஜெமினி ரவுண்டானாவில் மேம்பாலம் இல்லையா? 1973-க்கு முன்னால். மெரினாவில் கண்ணகி சிலை இருக்கிறதா? 1968-க்குப் பிறகு. இருக்க வேண்டிய இடத்தில் இல்லையா? 2001 கடைசியில் எடுத்தவர்கள் 2006-இல்தான் திருப்பி வைத்தார்கள், இடையில் எடுத்த படம். மூர் மார்க்கெட் முழுசாக நிற்கிறதா? 1985 தீ விபத்துக்கு முன்னால். ட்ரைவ்-இன் உட்லண்ட்ஸில் காரில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்களா? 2008-இல் மூடிவிட்டார்கள், இப்போது செம்மொழிப் பூங்கா. மெரினாவில் சீரணி அரங்க மேடை தெரிந்தால் 2003-க்கு முன். இதில் பெரியவர்களும் பசங்களும் ஒரே குழுவில் இருக்கட்டும், தனித்தனியாகப் பிரித்தால் பெரியவர்கள்தான் ஜெயிப்பார்கள், பசங்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

2010-இல் வந்த 'அங்காடித் தெரு' லிஸ்டில் இருக்கிறதா? ரங்கநாதன் தெருவில் துணி வாங்காதவர்கள் உங்கள் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று அதற்கு முன் யோசித்தவர்கள் குறைவு. புளியந்தோப்பு அண்ணன் கேட்கிற கேள்வியைக் கேட்ட படம் அது.


பெரம்பூர் வாணி:

எல்லோருக்கும் நன்றி, நேற்று ராத்திரி இதை எல்லாம் படித்துவிட்டு லிஸ்ட்டைக் கிழித்தாகிவிட்டது. பின்னி மில்தான் நடு. 'நாயகன்' செட்டில் ஆரம்பித்து, கார் பின்னணியில் பத்து நிமிஷம், அப்புறம் மில்லுக்கு வந்து அங்கேயே நின்றுவிடப் போகிறேன். சென்ட்ரலா எழும்பூரா என்கிறதைக் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்கிறேன், அதை நடுவில் கிளப்பினால் ரயில்வேக்காரர்கள் எனக்கு மைக்கைத் திருப்பித் தர மாட்டார்கள்.

ஒரு சந்தேகம். மில்லில் வேலை பார்த்த இரண்டு பெரியவர்களை மேடைக்குக் கூப்பிடலாமா, இல்லை உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசவிடலாமா?


புளியந்தோப்பு:

மேடைக்குக் கூப்பிடாதீர்கள் அக்கா. பொன்னாடை போர்த்தினால் "அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் நன்றி சொல்வார்கள். சண்டைக் காட்சியை சவுண்ட் இல்லாமல் ஓடவிட்டு, கார்ட்லெஸ் மைக்கை அவர்கள் கையில் கொடுத்து, எந்த டிபார்ட்மென்ட் தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். மைக்குக்கு ஒரு செட் பேட்டரி கூடுதலாக வாங்கி வையுங்கள்.


ரீல் பெட்டி:

ஹால் ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆகஸ்ட் மாதம் சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்தால் வெயில் நேரே ஸ்க்ரீனில் விழும். ஆறரைக்குத் தள்ளச் சொல்லுங்கள்.