மொட்டைமாடித் தேனீப் பெட்டியை இடம் மாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். மொட்டைமாடியில் தேனீ வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள்.

மாடியின் மேற்கு மூலையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். கூட்டம் வலுவாகத்தான் இருக்கிறது. ராணி நன்றாக முட்டையிடுகிறது, மகரந்தமும் தாராளமாக வருகிறது. பிரச்சினை வெயில்தான். பிற்பகலில் தளம் கொதிக்கத் தொடங்கியதும் தேனீக்கள் வாசலுக்கு வெளியே தாடிபோல் கொத்தாகத் தொங்குகின்றன. புழுக்கள் வளரும் மெழுகு அடையின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிடாமல் காக்க, சில தேனீக்கள் சிறகடித்து விசிறுகின்றன. சில தண்ணீர் தேடிப் போகின்றன. எங்கே என்கிறீர்களா? பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு! கூழாங்கல் போட்டு நான் வைத்த தண்ணீர்த் தட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த வீட்டு அம்மா இதுவரை பொறுமையாகத்தான் இருக்கிறார்.

கிழக்கே, படிக்கட்டு அறையின் நிழல் விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஆனால் பத்து மீட்டர் தள்ளி. ஒரேயடியாக நகர்த்தினால், மேயப் போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து தவிக்கும். தினமும் ஓரிரு அடியாக நகர்த்துவதா? அல்லது பழைய இடம் மறந்துபோகும்படி, சில கிலோமீட்டர் தள்ளி வேறெங்காவது இரண்டு மூன்று வாரம் வைத்துவிட்டுக் கொண்டுவருவதா? புழு நிறைந்த அடைகளோடு இந்த வெயிலில் பயணம் போக எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று: தொட்டிக்குப் பழகிவிட்ட தேனீக்களைத் தட்டின் பக்கம் திருப்ப முடியுமா? தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.