வரிசை கொண்டுபோன இடத்தில் கேட்ட கேள்விகள்

பொறியியல் படிப்பை 2023-இல் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பண்டிகைக்கு ஊருக்குப் போகும் என் வயதுக்காரர்கள் யாரும் தப்ப முடியாத "அடுத்து என்னப்பா பண்ணப் போற?" என்ற கேள்வியை இந்தத் தைப்பொங்கலில் யார் யார் எப்படிக் கேட்டார்கள் என்று பகிர்ந்துகொள்ளத் தோன்றியது. கேட்டவர்களில் பெரும்பாலோர் பதிலுக்காகக் கேட்கவில்லை; உண்மையாகவே பதில் வேண்டிக் கேட்டவர்களோ நான் எதிர்பார்த்தவர்கள் அல்லர்.

சென்னை கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து விடிய விடிய நின்றும் உட்கார்ந்தும் வந்து சேர்ந்த களைப்பு தீரும் முன்பே பெரியப்பா தொடங்கிவிட்டார். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், உலகில் மற்ற வேலைகள் எல்லாம் தற்காலிக ஏற்பாடுகள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. "குரூப் ஃபோர் எழுதேன்டா, பத்தாவது படிச்சவனே எழுதுறான்" என்றார். பத்தாம் வகுப்புத் தகுதிதான் அந்தத் தேர்வின் சிக்கலே என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 ஜூன் 9 அன்று நடத்திய குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ 20 லட்சத்துக்கும் மேல். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன என்றாலும், 200 வினாக்களில் ஒன்றிரண்டு தவறினால் தரவரிசையில் எங்கோ போய்விடும் போட்டி அது. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியப்பா அடுத்த வீட்டுப் பையனின் திருமணச் செய்திக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் மணமாகிப் போன பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் வரிசை போக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அப்பா கொண்டுபோவார். இம்முறை அவருக்கு முழங்கால் வலி அதிகமாக இருந்ததால், ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு என்னையே அனுப்பினார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, பூசணிக்காய், ஒரு கட்டுக் கரும்பு ஆகியவற்றோடு தட்டில் வைக்க வேண்டிய பணத்தை என் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்தேன். அக்கா தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அத்தான் அந்தப் பக்கம் போனதும் கேட்டாள்: "இது அப்பா காசா, உன் காசா?" என் காசு என்றதும் அடுத்த கேள்வி வந்தது: "மாசம் கையில எவ்வளவுடா நிக்குது?"

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. 18,000 ரூபாய் சம்பளத்தில் அறை வாடகைப் பங்கு, மெஸ், பேருந்துச் செலவு, வீட்டுக்கு அனுப்பும் 5,000 எல்லாம் போக இரண்டாயிரம் நிற்கும் என்றேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தேர்வுக்குப் படித்தால் ஓராண்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று அடுப்படியில் நின்றபடியே அவள் கணக்குப் போட்டாள். வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டால்கூட ஒரு லட்சத்துக்குக் குறையவில்லை. "அப்ப வேலைய விடுறத பத்தி இப்ப பேசாத" என்று முடித்துவிட்டாள். பெரியப்பாவின் ஒரு மணி நேர உபதேசத்தைவிட இந்த ஐந்து நிமிடக் கணக்கு எனக்குப் பயன்பட்டது.

திரும்பும் வழியில் எங்கள் மாடுகளுக்கு மாலை வாங்க நரசிங்கம்பேட்டையில் இறங்கினேன். நாதசுரத்துக்குப் பெயர் பெற்ற அந்த ஊரில் மாட்டுப் பொங்கலுக்காக நெட்டி மாலையும் கட்டுகிறார்கள். குளம் குட்டைகளில் வளரும் நெட்டியை அறுத்து, உலர்த்தி, தக்கையை வெள்ளையாகச் சீவி, துண்டு போட்டுச் சாயத்தில் முக்கிக் கோப்பார்கள். நான் வாங்கிய வீட்டின் திண்ணையில் ஏறக்குறைய என் வயதுள்ள ஒருவர், விரல் நுனிகளில் சிவப்பும் பச்சையும் ஒட்டியிருக்க, என்னோடு பேசிக்கொண்டே நிமிராமல் கோத்துக்கொண்டிருந்தார். பட்டப்படிப்பு முடித்தவர், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், மார்கழியில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுத் தொழிலுக்கு வந்துவிடுகிறாராம். பிளாஸ்டிக் மாலைகள் வந்த பிறகு இதை நம்பி மட்டும் குடும்பம் நடத்த முடியாது என்றும், அதற்காக விட்டுவிடவும் மனமில்லை என்றும் சாதாரணமாகச் சொன்னார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும் என்ற பதற்றம் அவரிடம் சற்றும் இல்லை. எனக்கு அது பொறாமையாகவே இருந்தது.

காணும் பொங்கலன்று பக்கத்து வயலில் அறுவடை. ஈரம் காயாத நிலத்தில் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது என்பதால் பெல்ட் வண்டி வந்திருந்தது. அதன் ஓட்டுநர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பாலிடெக்னிக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். மோர் கொடுக்கப் போன என்னிடம் நான் செய்யும் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஒப்பந்தம் எப்ப முடியுது தம்பி?" என்றார். ஜூன் மாதம் என்றேன். "அப்ப சித்திரையிலயே கேட்டு வைங்க. முடியுற அன்னைக்குப் போய் நின்னா மரியாதை இருக்காது" என்றார். ஒவ்வோர் அறுவடைப் பருவத்துக்கும் ஒரு மாவட்டமாக வண்டியோடு போய்க்கொண்டிருப்பவருக்கு, அடுத்த வேலையை முன்கூட்டியே பேசி வைப்பது பழகிப்போன ஒன்று.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் "ஊரில் நிலம் இருக்கிறதே, உனக்கென்ன கவலை" என்று சென்னை நண்பர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். எங்களுக்கு இருப்பது எட்டு மா, அதாவது மூன்று ஏக்கருக்கும் குறைவு. மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் குறுவை என்ற முதல் போக நெல் உண்டு. இல்லாவிட்டால் சம்பா மட்டும்தான். விளைந்த பிறகும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள் என்பதால், தை மாதத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா இதையெல்லாம் விளக்கவில்லை. நெட்டி மாலையை மாட்டின் கழுத்தில் கட்டிக்கொண்டே, "நான் இருக்கிற வரைக்கும் இதைப் பாத்துக்கிறேன், நீ இத நம்பி எதையும் முடிவு பண்ணாத" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே இப்போதைக்கு என் திட்டம் இது: வேலையை விடுவதாக இல்லை. ஒப்பந்த நீட்டிப்பைப் பற்றிச் சித்திரையில் கேட்டுவிடுவேன். குரூப் 4 தேர்வோடு குரூப் 2 முதல்நிலைத் தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். பொது அறிவுப் பாடத்திட்டம் பெருமளவு ஒன்றாக இருப்பதால் அது கூடுதல் சுமையாகாது. இரண்டு ஆண்டுகளில் எதுவும் அமையாவிட்டால் மீண்டும் அக்கா வீட்டு அடுப்படியில் கணக்குப் போட வேண்டியதுதான். எனக்கு இரவுப் பணி என்பதால் படிப்பதற்குப் பகலில் பிற்பகல் மட்டுமே கிடைக்கிறது. இரவுப் பணியில் இருந்துகொண்டே படித்துத் தேர்ச்சி பெற்றவர்கள் இருந்தால், தூக்கத்தையும் படிப்பையும் எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.