பூட்டானின் 95ஆம் இடம்: மகிழ்ச்சியை அளந்து ஆள முடியுமா?

கணக்கர்:
“ஆட்சி நடத்துவது எப்படி என்பதை உலகமே பூட்டானிடம் கற்க வேண்டும்” என்று மலைவாசி அவர்கள் நேற்று எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 2019ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில் 156 நாடுகளுள் பூட்டானுக்குக் கிடைத்தது 95ஆம் இடம். ஊருக்கெல்லாம் மகிழ்ச்சிப் பாடம் நடத்தும் வாத்தியார் வாங்கிய மதிப்பெண் இதுதானா?

மலைவாசி:
அந்தப் பட்டியல், மிக மோசமான வாழ்க்கை அடியிலும் மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியிலும் இருக்கும் பத்துப் படி ஏணியில் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்ற ஒரே கேள்வியால் போடப்பட்டது. மக்களின் நல்வாழ்வை அளக்கப் பூட்டான் தானே வகுத்த மொத்தத் தேசிய மகிழ்ச்சிக் குறியீட்டிலோ 9 துறைகளும் 33 அளவீடுகளும் உள்ளன. எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், அக்கம்பக்கத்தாரை நம்புகிறீர்களா, காட்டு விலங்குகள் பயிரை அழிக்கின்றனவா என்றெல்லாம் வீடு வீடாகச் சென்று கேட்கிறார்கள். பூட்டான் உலக வணிக அமைப்பில் சேரலாம் என்று முதலில் சொன்ன அதிகாரிகள் 24 பேரில் 19 பேர். அதே திட்டத்துக்கு இந்த அளவுகோலின்படி மதிப்பெண் போட்டுப் பார்த்த பின்னர் வேண்டாம் என்றவர்களும் 19 பேர். அளவுகோல் ஆட்சியை வழிநடத்துவது என்றால் இதுதான் ஐயா.

கணக்கர்:
95க்குப் பதில் வரவில்லை. 2013இல் பிரதமரான செரிங் டோப்கே, மகிழ்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைவிட வேலையின்மையையும் கடனையும் ஊழலையும் கவனிக்க வேண்டும் என்றார். இந்தக் கொள்கைக்காக வைத்திருந்த மகிழ்ச்சி ஆணையத்தையே 2022இல் கலைத்துவிட்டார்கள். வீட்டுக்காரரே கழற்றி வைத்த மாலையைத் தாங்கள் ஏன் சுமந்து திரிகிறீர்கள்?

மலைவாசி:
கலைத்தது ஆணையத்தை மட்டுமே. மொத்தத் தேசிய மகிழ்ச்சிக்கு வழிசெய்ய அரசு முயல வேண்டும் என்னும் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. 0 முதல் 1 வரை அளக்கும் அந்தக் குறியீடு 2010இல் 0.743 ஆக இருந்து, 2022இல் 0.781 ஆக உயர்ந்தது. போன மாதம் நியூசிலாந்தின் நல்வாழ்வு வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிய விவாதத்தில் வாயடைத்துப்போன ஆத்திரத்தை இங்கே தீர்த்துக்கொள்கிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

தென்றல்:
இருவருக்கும் ஒரு கேள்வி. நேபாள மொழி பேசும் லோட்சம்பா மக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் 1990களின் தொடக்கத்தில் பூட்டானைவிட்டு வெளியேற நேர்ந்து, நேபாளத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்களே, அவர்களுடைய உறக்கத்தை எந்தக் கணக்கெடுப்பாளர் எண்ணினார்? ஆளைக் கழித்துவிட்டுச் சராசரி போட்டால் எந்த நாடும் சிரிக்கத்தான் செய்யும்.

மலைவாசி:
அது தனி விவாதம், தனியாகத் தொடங்குங்கள். கணக்கெடுப்பு முறையைப் பற்றிப் பேசும்போது அகதிகளை இழுப்பது பேச்சைத் திசைதிருப்பும் வேலை.

தென்றல்:
தங்களுக்குச் சங்கடமானது எல்லாமே தனி விவாதம் போலும்.

கணக்கர்:
தென்றல் சொன்னதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். 0.781 என்பது, தானே வினாத்தாள் எழுதித் தானே திருத்திக்கொண்ட தேர்வின் மதிப்பெண். வெளியார் திருத்திய தாளில் வந்தது 95ஆம் இடம். வாக்கெடுப்பில் அதிகாரிகள் மனம் மாறியதைச் சாதனையாகக் காட்டுகிறீர்கள். மனம் மாறியது அளவுகோலாலா, மேலே இருந்தவர்களின் முகக்குறிப்பாலா என்பது தங்களுக்குத் தெரியுமா? நியூசிலாந்து விவாதத்தில் வாயடைத்தவர் யார் என்பதைப் பழைய பதிவுகளைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

மலைவாசி:
ஒற்றைக் கேள்விக்கும் 33 அளவீடுகளுக்கும் வேறுபாடு தெரியாதவரிடம், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம், இதற்கு மேல் என்ன சொல்வது?

கணக்கர்:
95ஆம் இடம் ஏன் வந்தது என்று சொல்லலாம். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.