கார் கண்ணாடியைக் கோடு விழாமல் துடைப்பது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ராஜாக்கமங்கலம்

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ராத்திரி வெளியே நிறுத்திய வண்டியைக் காலையில் தொட்டால் விரல் பிசுபிசுவென்று ஒட்டும். நாக்கில் வைத்தால் உப்பு. நான்கு வருடமாக இந்த உப்போடுதான் மல்லுக்கட்டு. ஆனால் இதை உட்கார்ந்து எழுத வைத்தது மே மாதக் கடைசியில் நடந்த ஒரு சம்பவம்.

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாலை ஆறு மணி இருக்கும். சுங்கான்கடை தாண்டி வில்லுக்குறி நெருங்கும்போது சூரியன் கண்ணாடியில் வந்து விழுந்தது. அன்று காலையில்தான் வண்டியைக் கழுவியிருந்தேன். ஆனாலும் முன் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக வளைந்த கோடுகள். சரி, தண்ணீர் அடித்து வைப்பரைப் போடுவோம் என்று போட்டேன். இரண்டு தடவை ஓடியதும் கண்ணாடி பால் ஊற்றினது போல் ஆகிவிட்டது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்து, இறக்கியிருந்த வலது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். ஒரு கை நீளத்தில் ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது. பின் சீட்டில் சின்னப் பிள்ளை, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கால் நடுங்கியது.

ஓரமாக நிறுத்தி, பக்கத்துச் சாயாக்கடையில் உட்கார்ந்தேன். அங்கே பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெரியவர் ஒருவர் என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே எழுந்து வந்து, கதவைத் திறந்து, முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் போன இடம் மட்டும் பளிச்சென்று ஆனது. மற்ற இடமெல்லாம் மெல்லிய புகை படிந்தது போல. "வெளிய எவ்வளவு கழுவினாலும் ஆகாது மக்கா. அழுக்கு உள்ள இருக்கு, கேட்டியளா?" என்றார்.

இத்தனை வருடத்தில் உள்பக்கத்தை நான் ஒழுங்காகத் துடைத்ததே இல்லை. வெயிலில் டாஷ்போர்டு சூடாகும்போது பிளாஸ்டிக்கில் இருந்து ஒரு எண்ணெய் ஆவி கிளம்பிக் கண்ணாடியில் போய்ப் படிகிறது. டாஷ்போர்டு பளபளக்க நான் பூசிய திரவமும், வெள்ளிக்கிழமை தோறும் கொளுத்தும் பத்தியும் அதோடு சேர்ந்துகொண்டன. பகலில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம், எதிரே வெயிலோ லைட்டோ அடித்ததும் வெளுத்துவிடுகிறது.

அவர் செய்து காட்டியதை அப்படியே சொல்கிறேன். வேனிலிருந்து இரண்டு துணி எடுத்தார். ஒன்று நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்த பழைய துவர்த்து, அதாவது துண்டு. இன்னொன்று முழுக்கக் காய்ந்தது. ஈரத் துணியால் ஒரு சாண் அளவு இடத்தை மட்டும் துடைப்பார். அது தானாகக் காய்வதற்குள் காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பார். அப்புறம்தான் அடுத்த சாண். ஈரம் தானாகக் காய்ந்தால் அதில் கரைந்திருந்த அழுக்கு அங்கேயே தங்கிவிடும், அதுதான் கோடு என்றார். நான் இத்தனை நாளும் முழுக் கண்ணாடியையும் நனைத்துவிட்டுப் பிறகு துடைத்துக்கொண்டிருந்தேன்.

உள்பக்கத்தை இடம் வலமாகவும், வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் துடைத்தார். முடிந்த பிறகு படுக்கைக் கோடு தெரிந்தால் உள்ளே மிச்சம், நட்டமாகத் தெரிந்தால் வெளியே. எந்தப் பக்கம் என்று தேடி ஏமாற வேண்டியதில்லை.

முன் கண்ணாடியின் கீழ் மூலை, டாஷ்போர்டோடு சேரும் இடுக்கு, எனக்கு எப்போதும் எட்டாது. அவர் உள்ளங்கையை டாஷ்போர்டைப் பார்க்கத் திருப்பி, புறங்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் துணியை வைத்து உள்ளே தள்ளினார். கை கடைசி வரை போனது. அந்த மூலையிலிருந்து வந்த துணியின் நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சட்டியின் அடிக்கரி போல இருந்தது. கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கச் சொல்லி, ரப்பருக்குள் ஒளிந்திருந்த மேல் விளிம்பையும் துடைத்தார். அங்கேயும் ஒரு கறுப்புக் கோடு.

அடுத்த நாள் ராத்திரி அதே ரோட்டில் திரும்பி வந்தேன். எதிரே வந்த பஸ்ஸின் லைட் முதல் முறையாகச் சிதறாமல் இரண்டு வட்டமாக மட்டும் தெரிந்தது. நம் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தொல்லை இருக்கும். கடற்கரையில் இருப்பவர்கள், மலையோரம் இருப்பவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

குளச்சல்

அண்ணாச்சி, நீங்கள் உப்பைச் சொன்னீர்கள், நான் மணலைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மணல் சாதாரண மணல் இல்லை. மணவாளக்குறிச்சி தொடங்கி இந்தக் கரையில் இல்மனைட், கார்னெட், சிர்கான் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்து கிடக்கிறது. அதனால்தான் அங்கே அரிய மணல் ஆலையே இருக்கிறது. கார்னெட்டும் சிர்கானும் கண்ணாடியை விடக் கடினமானவை. காற்றில் வந்து கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும் இந்த மணலை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியைக் கீறுகிறோம் என்றுதான் அர்த்தம்.

எனக்கு அது நடந்தது. மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் போகிற அவசரத்தில், வைப்பரைத் தண்ணீர் இல்லாமல் ஒரே ஒரு தடவை ஓட்டினேன். கரகரவென்று சத்தம். வைப்பர் போன பாதையிலேயே வில் போல மூன்று கீறல். துடைத்தால் போகிற கோடு வேறு, இது வேறு. இன்றுவரை எதிர் லைட் பட்டால் அந்த மூன்றும் மின்னும். நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் அது அழுக்கு இல்லை, கீறல். அதற்குக் கடையில் பாலிஷ் போட வேண்டும், ஆழமாக இருந்தால் அதுவும் எடுபடாது.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலை, ஒரு குவளை தண்ணீரை மேலிருந்து கீழே மெதுவாக ஊற்றுவது. இன்னொரு குவளை. வைப்பரைத் தூக்கி அதன் ரப்பர் விளிம்பையும் ஈரத் துணியால் ஒரு இழுப்பு. அதில் வருகிற கறுப்பைப் பார்த்தால் கண்ணாடி ஏன் மங்குகிறது என்று புரியும். அதற்குப் பிறகுதான் கண்ணாடிமேல் துணி படலாம்.

குலசேகரம்

எங்களுக்கு உப்பும் இல்லை, மணலும் இல்லை. தேனீ! ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில் தோட்டமெல்லாம் தேன் பெட்டி வைப்பார்கள். அந்த நாட்களில் வண்டி மேல் கடுகு கடுகாக மஞ்சள் புள்ளி விழும். மகரந்தம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி வைத்திருக்கிற ஒரு அக்காதான், "அது தேனீ எச்சம் தம்பி. பறக்கும்போதுதான் போகும், கூட்டுக்குள்ள போகாது" என்றார்.

காய்ந்த பிறகு அதைத் தேய்த்தால் மஞ்சள் மெழுகாக இழுபடும். ஒரு பழைய பனியன் துணியை வெந்நீரில் நனைத்து, கண்ணாடி மேல் விரித்துப் பத்து நிமிடம் விட்டுவிடுவேன். வெந்நீர் என்றால் கை பொறுக்கிற சூடு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம். பத்து நிமிடத்தில் புள்ளிகள் ஊறி இளகிவிடும். துணியை எடுக்கும்போது அவை துணியோடு வந்துவிடும். மிச்சத்தை இரண்டு துணி முறையில் எடுத்தால் சுத்தம். பறவை எச்சத்துக்கும் இதே வழிதான்.

மார்த்தாண்டம், வாட்டர் வாஷ் கடையில் வேலை

பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கோடு விழுவதற்குக் காரணம் முக்கால்வாசி துணிதான் என்று சத்தியமாகச் சொல்வேன். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் டயர் துடைக்கிற துணி, பாடி துடைக்கிற துணி, கண்ணாடித் துணி எல்லாம் ஒரே வாளியில் கிடக்கும். வாக்ஸும் டயர் பாலிஷும் ஒட்டிய துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எத்தனை ஸ்ப்ரே அடித்தாலும் கோடு போகாது. வண்டிக்காரர் வெயிலில் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு மறுபடி வந்து சண்டை போடுவார். அவர் பக்கம் நியாயம் இருந்தது.

இப்போது கண்ணாடிக்கு என்று நீல நிற மைக்ரோஃபைபர் துணி தனியாக வைத்திருக்கிறேன். அது வேறு எதிலும் படாது. பூத்துண்டு போல மயிர் நீண்ட துணி கண்ணாடிக்கு வேண்டாம், தட்டையாக நெய்த துணிதான் நல்லது. அதைத் துவைக்கும்போது கொஞ்சமாகச் சோப்புத்தூள் போட்டு நன்றாக அலச வேண்டும். துணி வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது துணியில் ஒரு மெழுகுப் பூச்சு விட்டுவிடும். அடுத்த தடவை அது கண்ணாடிக்கு வந்துவிடும். வீட்டில் துவைக்கக் கொடுத்து இந்தத் தவறு நடந்த வாடிக்கையாளர்கள் நிறையப் பேர்.

ஸ்ப்ரேயைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடியுங்கள், இரண்டு அழுத்து போதும். உள்பக்கம் அடித்தால் தூறல் டாஷ்போர்டிலும் ஸ்பீக்கரிலும் விழும். பின் கண்ணாடியில் ஹீட்டர் கம்பிக் கோடுகள் இருந்தால் அந்தக் கோடு போகிற திசையிலேயே துடையுங்கள். குறுக்கே பிளேடு வைத்துச் சுரண்டினால் கம்பி அறுந்துபோகும்.

ஆரல்வாய்மொழி

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காற்றாலைகளே சாட்சி. தண்ணீர் தெளித்துவிட்டுத் துணியை எடுக்கத் திரும்பினால் கண்ணாடி காய்ந்திருக்கும். வெயிலில் சூடான கண்ணாடி என்றால் அதைவிட மோசம். காலை ஏழு மணிக்குள், காற்று படாத சுவர் ஓரம் நிறுத்தித்தான் துடைப்பேன். அதுவும் பாதி பாதியாக.

நாகர்கோவில்

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் குடிநீர்க் குழாயில் வருவது முக்கடல் அணைத் தண்ணீர், வண்டி கழுவுவது போர் தண்ணீரில். போர் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே விட்டால் துளித்துளியாக வெள்ளை வளையம். அது சுண்ணாம்பு. சோப்பு எவ்வளவு போட்டாலும் கரையாது, புளிப்புக்குத்தான் கரையும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து, ஐந்து நிமிடம் ஒற்றி வைத்துவிட்டுத் துடைத்தேன், போய்விட்டது. பெயின்ட்டில் வழியாமல் பார்த்து, கடைசியில் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் சுண்ணாம்பு கண்ணாடியை அரித்து உட்கார்ந்துகொள்ளும், அப்போது வினிகரும் கேட்காது.

கடைசித் துடைப்புக்கு நான் பேட்டரிக் கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டர்தான் வைத்திருக்கிறேன். அதில் உப்பே இல்லை, அதனால் காய்ந்தாலும் எதுவும் மிஞ்சாது. ஒரு பாட்டில் வாங்கினால் எனக்கு மாதக்கணக்கில் வருகிறது. மழைக்காலத்தில் மொட்டை மாடியில் பிடிக்கிற சுத்தமான மழைத் தண்ணீரும் அதே வேலையைச் செய்கிறது.

ஒரு சந்தேகம்: என் கதவுக் கண்ணாடிகளில் லேசான ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன். அதைச் செய்தித்தாளால் துடைக்கலாமா? என் அப்பா அம்பாசிடர் வைத்திருந்த காலத்தில் அப்படித்தான் துடைப்பார்.

மார்த்தாண்டம், வாட்டர் வாஷ் கடையில் வேலை

வேண்டாம் அண்ணே. வெறும் கண்ணாடிக்குச் செய்தித்தாள் நன்றாகத்தான் வேலை செய்யும், பிசிறு விடாது. ஆனால் ஃபிலிமைக் கீறும், மையும் ஓர ரப்பரில் ஒட்டும். அமோனியா கலந்த ஸ்ப்ரேயும் ஃபிலிமுக்கு ஆகாது, ஓரத்தில் இருந்து நிறம் மாறி உரிய ஆரம்பிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் மென்மையான துணியும் போதும்.

ராஜாக்கமங்கலம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குளச்சல்காரர் சொன்னதைப் படித்துவிட்டு வாசலுக்குப் போய் வைப்பர் ரப்பரைத் துடைத்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்குக் கறுப்பு, அதில் மினுமினுவென்று மணல். வில்லுக்குறியில் பால் மாதிரி ஆனதற்கு உள்பக்கப் படலம் மட்டும் காரணமில்லை, இதுவும்தான். உடனே புது ரப்பர் மாற்றிவிட்டேன்.

நேற்று அந்த வேன் பெரியவரைத் தேடி அதே கடைக்குப் போனேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் நான்கரை மணிக்குத்தான் வருவார் என்றார்கள், காத்திருந்தேன். இரண்டு நல்ல மைக்ரோஃபைபர் துணி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ஒன்றை மடித்து டாஷ்போர்டுக்குக் கீழே வைத்தார். மற்றதை நனைத்து, பிள்ளைகள் கை வைத்துக் கை வைத்து மங்கலாக்கிய பின் ஜன்னலை ஒரு சாண் துடைத்துப் பார்த்தார். "துவர்த்தை விட இது கொள்ளாம்" என்று பாராட்டினார்.

மழை நேரத்தில் உள்பக்கம் ஆவி பிடிப்பதைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். படலம் இல்லாத கண்ணாடியில் ஆவி சீக்கிரம் பிடிக்காது, பிடித்தாலும் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வைத்தால் சட்டென்று விலகிவிடும் என்றார். பேச்சிப்பாறை பக்கம் மழையில் வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள்.